பெரிய மாப்பிள்ளையின் புயல்

"என்னுடைய கணிப்பின்படி, புயல் இன்னும் வலுவடைந்து மேற்குக் கரையை நோக்கித் திரும்பும்" என்று டிவியில் சின்ன மாப்பிள்ளை சொன்னதும், பெரிய மாப்பிள்ளை கையிலிருந்த பேனாவை மேசைமேல் விட்டெறிந்தார்.

மற்ற நாளெல்லாம் "எங்கள் நிலையத்தின் கணிப்பு" என்று சொல்லுகிற ஆள். இன்றைக்கு மட்டும் "என்னுடைய"வாம். திரையின் அடியில், கணித்தவர் என்று போட்டு அவர் பெயரே ஓடியது.

அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள் இருவரும். வேலையும் ஒரே வானிலை நிலையத்தில். மாமனார் வீட்டில் கூப்பிடும் பெயரே அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது.

பெரிய மாப்பிள்ளை இருபத்தாறு வருடமாக வரைபடங்களோடு மாரடிக்கிறார். அவர் வரைந்து கொடுப்பதை இயக்குநரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, சாயங்காலம் டிவியில் சிரித்த முகமாகச் சொல்வது சின்ன மாப்பிள்ளையின் வேலை. ஊரே சின்னவரிடம்தான் வந்து கை கொடுக்கும். பெரியவரைப் பார்த்து, "நீங்களும் அங்கேதான் இருக்கீங்களா?" என்று கேட்கும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் இந்தப் புயல் அவருடையது.

இது வடக்கே திரும்பிக் கடலிலேயே கரைந்துவிடும் என்று கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. நடுக்கடலில் மிதக்கும் கருவி ஒன்று அனுப்பிய எண்களை இரண்டு நாளாக நோண்டி, அங்கே தண்ணீர் சூடேறி காற்றழுத்தம் சரிவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த மேற்குக் கரை வெறும் மணல். மொத்தமே நாற்பத்தொரு வீடு. அத்தனை பேரையும் இன்றைக்கே வெளியேற்ற வேண்டும் என்று எழுதியவரும் அவர்தான்.

அப்படி எழுதுவது அவருக்குச் சாதாரணக் காரியமில்லை. போன வருடம் இப்படித்தான் எச்சரித்தார். ஒரு ஊரே இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. தூறல்கூட விழவில்லை. இவருக்கு மெமோ வந்தது. இன்னொரு முறை கணிப்பு தப்பினால், பழைய காகிதங்கள் கிடக்கும் கிடங்குக்கு மாற்றல் என்று இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அது எவ்வளவு பெரிய தலைகுனிவு. அப்படியும் துணிந்து கொடுத்தார்.

துணிச்சல் இவருடையது, பெயர் மட்டும் அவனுக்கா?

மனைவி போன் செய்தாள். "தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு தைரியமா சொல்றார் பார்த்தீங்களா? நீங்களும் அதே ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

போனை வைத்தார்.

சின்ன மாப்பிள்ளை டிவி நிலையத்திலிருந்து திரும்பினார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. "அண்ணா, ரெண்டு நாளா கண் மூடலை நீங்க. வீட்டுக்குப் போங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்வாராம். இனிப் பார்த்துக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து 'ஐயா' என்று எழுதினார். அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. எதற்கு அவசரம், முதலில் புயல் வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

புயல் வந்தது. முதல் நாள் இருந்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தோடு, அவர் கோடு போட்ட இடத்திலேயே, விடிகாலையில் கரையைக் கடந்தது. நாற்பத்தொரு வீட்டில் ஒன்றிலும் கூரை மிஞ்சவில்லை. ஆனால் உள்ளே யாரும் இல்லை. எல்லோரும் முதல் நாளே பஸ்ஸேறிப் போயிருந்தார்கள். ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் இல்லை.

காலையில் அலுவலகத்துக்கு வந்து செய்தி கேட்டதும் பெரியவருக்குக் கண் கலங்கியது. அந்த ஈரம் காய்வதற்குள் கைதட்டல் கேட்டது. எல்லோரும் சின்ன மாப்பிள்ளையைச் சூழ்ந்து நின்றார்கள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

பெரியவரும் கேட்கவில்லை. மடித்த தாளைப் பிரித்தார். இப்போது பேனா ஓடிய ஓட்டத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. என் உழைப்பைத் திருடித் தன் பெயரில் அறிவித்தார், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்தார். அந்த அலுவலகத்தில் தேதியும் நேரமும் போட்ட முத்திரை விழாமல் ஒரு தாளும் உள்ளே போகாது. முத்திரை குத்தி இயக்குநருக்கு அனுப்பினார்.

கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"உங்க புகாரைப் படிச்சேன். விசாரணையே தேவையில்லை. சின்ன மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்திருக்கார்" என்று இயக்குநர் ஒரு தாளை நீட்டினார்.

வசமாக மாட்டிக்கொண்டான் என்று நினைத்தபடி பெரியவர் படித்தார்.

'எச்சரிக்கை பொய்த்துப்போனால் பழி என் பெயரிலேயே இருக்கட்டும். அண்ணன் இன்னொரு மெமோவைத் தாங்க மாட்டார். பலித்துவிட்டால், இது அவருடைய கணிப்பு என்று பதிவேட்டில் திருத்திவிடுங்கள்.'

பெரியவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "புகார் போயிருக்குன்னு தெரிஞ்சு, பயந்துபோய் எழுதியிருப்பார் சார்."

இயக்குநர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"ரெண்டுலயும் முத்திரை இருக்கு, பாருங்க. அவர் கொடுத்தது நேத்து, டிவிக்குப் போறதுக்கு முன்னாடி. நீங்க கொடுத்ததுதான், கணிப்பு பலிச்சதுக்கு அப்புறம்."