வண்டி மறந்த சாவி

"கதவு தொறக்கணும், உள்ள லைட்டு எரியணும். ஆனா வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆவக் கூடாது. அந்த மாதிரி ஒரு சாவி பண்ணித் தருவீங்களா தம்பி?"

தமிழ்மணி தன் காதையே சந்தேகப்பட்டான். விருத்தாசலத்தைச் சுற்றி எங்கே கார் சாவி தொலைந்தாலும் ஆம்னி வேனில் மிஷினோடு போய் நிற்கிறவன் அவன். ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஸ்டார்ட் ஆக்குவதுதான் அவன் பிழைப்பு. நன்றாக ஓடுகிற வண்டியைக் காட்டி இப்படிக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

அவர் பெயர் சாமிதுரை. ஊரில் செராமிக் கம்பெனி வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கொளஞ்சியப்பர் கோயில் வாசலுக்கு வரச் சொல்லி, காலையில் அவர்தான் போன் செய்திருந்தார். ஆர்.சி. புத்தகத்திலும் ஆதாரிலும் அவர் பெயரே இருந்தது. திருட்டு வண்டி இல்லை என்றதும் தமிழ்மணிக்குப் பயம் போய் ஆவல் வந்துவிட்டது.

"பண்ணலாம் சார். சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்குது. மிஷின்ல அத அழிச்சிட்டா, அந்தச் சாவிய வண்டி மறந்துடும். பூட்டு தொறக்கும், இன்ஜின் எடுக்காது. ஆனா எதுக்குங்க?"

"என்கிட்ட ரெண்டு சாவி இருக்குது. ஓடுற சாவி எம் பொண்ணு கனிமொழிகிட்டப் போயிடும். அது நெய்வேலியில வேலை பாக்குது. லீவுக்கு வந்தா ஓட்டும். ஓடாத சாவி வூட்டுல ஆணியில தொங்கும்."

"தொங்கி?"

"சாயங்காலமானா ஒருத்தன் குடிச்சிட்டு வந்து அத எடுப்பான்."

சாமிதுரை காரின் முன்பக்கத்தைக் காட்டினார். பம்பரில் சேறு காய்ந்து கிடந்தது. நெல் நாற்று ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

"கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல ஸ்கூலு விட்டு சைக்கிள்ல ஒரு பொண்ணு வந்துச்சு. ஒரு சாண் தள்ளி வந்திருந்தா அது இன்னிக்கு இல்ல. வண்டி வயல்ல எறங்கிடுச்சு. அடுத்த தடவை வயல் இருக்கும்னு சொல்ல முடியுமா?"

தமிழ்மணியின் தங்கையும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவன் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே மிஷின் வயரைச் செருகினான். கை வேலை பார்த்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு சாவியையும் பொண்ணுகிட்டயே குடுத்துடலாமே சார்?"

"சாவி காணோம்னா யாரு ஒளிச்சதுன்னு வூட்டுல இருக்கிறவங்களக் கேப்பான். கேக்குறதோட நிக்காது. சாவி கையில இருந்து வண்டி எடுக்கலன்னா, கோவம் வண்டி மேல போயிடும்."

"பிராது கட்டலாமில்ல? கோயிலுக்கே வந்திருக்கீங்க."

"கட்டிட்டுத்தான் வரேன்."

மனக்குறையை எழுதி கொளஞ்சியப்பரிடம் வழக்குப் போடுவதைத்தான் அந்தப் பக்கத்தில் பிராது கட்டுவது என்பார்கள். போலீஸுக்குப் பயப்படாதவனும் இந்தக் கோர்ட்டுக்குப் பயப்படுவான். யார் மேல் கட்டினார் என்று தெரியாவிட்டால் தமிழ்மணிக்கு அன்று சோறு இறங்காது.

"மச்சானா சார்?" என்று மெதுவாகக் கொக்கி போட்டான்.

சாமிதுரை கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சானேதான் என்று தமிழ்மணி முடிவு கட்டிவிட்டான். அக்கா வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு, அக்கா புருஷன் காரையே எடுத்துக்கொண்டு போகிற ஜென்மங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

"தொரத்தி வுடுங்க சார் அவன."

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில சேத்து தொரத்திப் பாத்தாச்சு. கொஞ்ச நாள்ல திரும்பி வந்துட்டான்."

"பகல்ல எப்பிடி?"

"பகல்ல பாத்தீங்கன்னா நீங்களே சார் போட்டுப் பேசுவீங்க."

"நானா? அந்தப் பரதேசிக்கா? பச்சப் புள்ள மேல வண்டிய வுட இருந்தவன சார்ன்னு கூப்பிட எனக்கு என்ன தலையெழுத்தா? வெக்கம் கெட்டவன்."

"நல்லாத் திட்டுங்க தம்பி. இங்க அவன யாரும் நேருக்கு நேரா திட்டுறதே இல்ல" என்றார் சாமிதுரை. அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைக்கவே தமிழ்மணிக்குப் பாவமாக இருந்தது.

வேலை முடிந்தது. அழித்த சாவியைப் போட்டுத் திருகினான். விளக்குகள் எரிந்தன, இன்ஜின் வாயே திறக்கவில்லை. மற்றதைப் போட்டதும் வண்டி உறுமியது. இரண்டையும் நீட்டினான்.

சாமிதுரை வாங்கிக்கொண்டு, "இன்னும் ஒரு உதவி" என்றார். "சாயங்காலம் அவன் உங்களுக்கு போன் பண்ணுவான். சாவிய சரி பண்ணுன்னு கெஞ்சுவான், கெட்ட வார்த்தையில பேசுவான், பத்து மடங்கு தரேன்னுவான். என்ன சொன்னாலும் வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"வர மாட்டேன் சார், சத்தியமா. ஆனா என்னைய அவனுக்கு எப்பிடித் தெரியும்? போன் வந்தா அவன்தான்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நம்பரையாவது குடுங்க."

சாமிதுரை குனிந்து பம்பரில் ஒட்டியிருந்த நாற்றை மெதுவாகப் பிய்த்து எடுத்தார்.

"காலையில உங்கள இங்க வரச் சொல்லிக் கூப்பிட்டேனே தம்பி, அதே நம்பர்தான். குரல் மட்டும் கொஞ்சம் கொழறும்."