காளவாசல் வந்தால் மட்டும்

"காளவாசல் வந்தா மட்டும் ஸ்டீரிங் கிடுகிடுன்னு ஆடுது மாமா," என்றபடி கருத்தக்கண்ணன் அந்தப் பழைய சின்ன லாரியை மறுபடியும் செல்லூர் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

பட்டறைக்காரர் சேக் இஸ்மாயிலுக்கு எரிச்சல் வந்தது. சக்கரத்தை மாற்றியாயிற்று. முன் அச்சையும் கழற்றிப் பூட்டியாயிற்று.

"அங்க ரோடு மோசமா மாப்ள?"

"நல்ல ரோடுதான்."

"அப்ப நானே ஓட்டிப் பாக்குறேன். நீ பக்கத்துல உக்காரு. யுத்த காலத்துல பெட்ரோலை வீணாக்காம இன்னைக்கே கண்டுபிடிச்சுருவோம்."

காளவாசல் வந்தது. இஸ்மாயிலின் கையில் ஸ்டீரிங் ஆடவேயில்லை. அதைச் சொல்லத் திரும்பினார். கருத்தக்கண்ணனின் மடியில் கிடந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் கண் சாலையோரத்து ஓட்டு வீட்டின் மேலேயே இருந்தது.

"அது யாரு வீடு?"

"மாமனார் வீடு. ஒச்சாயி கோவிச்சுக்கிட்டு இங்கதான் வந்துட்டா."

இஸ்மாயில் வண்டியை அந்த வாசலிலேயே நிறுத்தினார். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. எறங்கு."

"பேசக் கூடாததைப் பேசுனவன் நான். எந்த மொகத்தோட போவேன்?"

அதற்குள் கதவு திறந்தது. ஒச்சாயி இடுப்பில் துணி மூட்டையோடு நேரே லாரியை நோக்கி வந்தாள்.

"நெதமும் மெதுவா ஓட்டி, வீட்டைப் பாத்துட்டுப் போயிருவீக," என்றாள். "இதைக் கட்டி வச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"