படலுக்கு அந்தப் பக்கம்

"நீ மருந்து ஊத்தியிருக்கே, அங்காளம்மா. ஒத்துக்கோ."

கால்நடை டாக்டர் சுகன்யா ஜீப்பை விட்டு இறங்கிய வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். கையில் பரிசோதனைத் தாள் படபடத்தது.

"சத்தியமா இல்லைங்க, டாக்டரம்மா."

"நீ பொய் சொல்லலாம். உன் ஆட்டுப் புழுக்கை பொய் சொல்லாது!"

தழை கட்டிக்கொண்டிருந்த அங்காளம்மாளின் புருஷன் சங்கிலி, சும்மா இருக்க மாட்டாமல் வாயைத் திறந்தான்.

"அவ எனக்கே தலைவலி மாத்திரை தர மாட்டா டாக்டரம்மா. ஆட்டுக்கா மருந்து கொடுக்கப் போறா?"

"நீங்க செத்த நேரம் அங்கிட்டுப் போங்க" என்றாள் அங்காளம்மாள்.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆட்டுப்பட்டியை, ஆறு வாரத்துக்கு முன்பு சுகன்யாவே நின்று நடுவில் படல் கட்டி இரண்டாகப் பிரித்திருந்தாள். இந்தப் பக்கம் பத்து ஆடு. அதுகளுக்குத் தீவனத்தோடு தினமும் கருவேலங்காய். அந்தப் பக்கம் பத்து ஆடு. அதுகளுக்கு வெறும் தீவனம் மட்டும்.

கருவேலங்காயின் துவர்ப்பு ஆட்டுக் குடல்புழுவை அடக்கும் என்பது சுகன்யாவின் கட்சி. கடை மருந்துக்கெல்லாம் புழு இப்போது முன்போல மசிவதில்லை. காய் தின்ற ஆட்டுக்கும் தின்னாத ஆட்டுக்கும் வித்தியாசம் காட்டினால்தான் மேலிடத்தில் நம்புவார்கள். நாலு ஊருக்குச் சொல்லவும் முடியும்.

வித்தியாசம்தான் இல்லவே இல்லையே! இரண்டு பக்கமும் புழு முட்டை ஒரே மாதிரி குறைந்து கிடந்தது.

"காய் திங்காத ஆட்டுக்குப் புழு எப்படிக் குறையும்? இதை நான் எப்படி எழுதி அனுப்புவேன்? ஆறு வாரமும் குப்பையில! இத்தனை ஊர் இருக்க, உன்கிட்ட எதுக்கு வந்தேன் தெரியுமா?"

தெரியும். அங்காளம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் நாள் அவள் போட்ட கையெழுத்துதான் காரணம். வலப்பக்கம் சாய்ந்து, கொம்புக்குக் கொம்பு சுழித்து, கன்னியாஸ்திரிகள் அடித்து அடித்துப் பழக்கிய கையெழுத்து. பார்த்த மாத்திரத்தில் சுகன்யா துள்ளிவிட்டாள். "ஏய், நீ எங்க கான்வென்டா?"

அதே திண்டுக்கல் கான்வென்ட். அதே ஹாஸ்டல். சுகன்யாவுக்கு ஒரு வகுப்பு கீழே. அங்காளம்மாளின் முகம்தான் சுகன்யாவுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் ஆட்டுக்கு அரை மணி, கான்வென்ட்டுக்கு ஒரு மணி. அஞ்சரை மணிக்கு அடிக்கிற மணி. ஈரத் தலையோடு ஜெபத்துக்கு ஓடுகிற ஓட்டம். புன்னை மரத்தடியில் ஸ்கிப்பிங். தமிழில் பேசியதற்கு வெயிலில் முட்டி போட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள்ளேயே ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறுகிற கறிக்குழம்பு வாசனை.

ஆயக்குடியில் அத்தனை பெரிய கொய்யாத் தோப்பு இருந்தும், லீவுக்கு வீட்டுக்குப் போனால் எப்போதடா ஹாஸ்டல் திறக்கும் என்று சுகன்யா நாள் எண்ணுவாளாம். இப்போது வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொள்ளும். கணவர் பேப்பரை விரிப்பார். அலுக்காமல் உம் கொட்டிக் கேட்ட ஒரே ஜீவன் அங்காளம்மாள்தான்.

"ஒரே ஹாஸ்டல்ல ஒரே சோத்தைத் தின்னு வளந்தவன்னுதானே நம்பினேன்? இப்படியா ஏமாத்துவே?"

அங்காளம்மாள் நிமிர்ந்தாள்.

"மருந்து கொடுக்கல. காய்தான் கொடுத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"அடிப்பாவி! அதைத்தானே கொடுக்காதேன்னு சொன்னேன்? எத்தனை நாளா?"

"மொத நாள் சாயங்காலத்துல இருந்தே."

சுகன்யா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி? ஏன்?"

"இந்தப் பக்கம் காயைக் கொட்டுறப்ப, அதுங்க பத்தும் படல் இடுக்குல மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னுச்சுங்க. கத்தக்கூட இல்ல. பாத்துக்கிட்டு மட்டும் நின்னுச்சுங்க. என்னால முடியல."

"ஆடுடி அது! கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிரும். எது வாடினாலும் நானே ஓடி வந்து மருந்து போடுறேன்னு சொன்னேனா இல்லையா? நான் என்ன, பட்டினியா போடச் சொன்னேன்?"

"பட்டினி இல்லக்கா."

இத்தனை நாளில் முதல் தடவையாக 'அக்கா' வந்தது.

"எங்களையுந்தான் யாரும் பட்டினி போடல."

"உங்களையா? யாரு?"

"ஹாஸ்டல்ல. நாங்க இலவசப் பிள்ளைங்க. எங்களுக்குத் தனி வரிசை. உங்களுக்குக் கறிக்குழம்பு ஊத்துற ஞாயித்துக்கிழமையும் எங்களுக்கு ரசம்தான். வயிறு ரொம்பத்தான் போடுவாங்க. குறை சொல்லக் கூடாது."

சுகன்யா யோசித்தாள். மணி வந்தது. மரம் வந்தது. குழம்பு வாசனை இப்போதும் மூக்கில் அப்படியே வந்து நின்றது. அந்த வரிசை மட்டும் வரவில்லை.

"அப்படி ஒரு வரிசை... எங்கே இருந்துச்சு?"

"உங்களுக்கு நேர் எதுக்க."

"எதுக்கவா? நான் பாத்ததே இல்லையே, அங்காளம்மா!"

அங்காளம்மாள் சிரித்தாள். அதில் துளிக்கூடக் கோபமில்லை.

"நீங்க உங்க தட்டைப் பாத்துச் சாப்பிட்டீங்க, அக்கா. நாங்களும் உங்க தட்டைப் பாத்துத்தான் சாப்பிட்டோம்."