சிவகாமு கூடம் துடைக்கிறாள்

“ஐயோ, எந்திரிடி சிவகாமு!” வாசலில் ஜட்கா வந்து நின்ற சத்தம் அடங்குமுன் சாரதாம்பாளின் அலறல் கூடத்தில் வெடிக்கிறது. மகளைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து பழக்கூடையோடு முதுநகருக்கு வந்தவள், நிலைப்படியைத் தாண்டாமல் அப்படியே நிற்கிறாள். எட்டு மாத வயிற்றோடு மகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். யுத்தகாலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தின் கிழிசல் வழியே காலை வெயில் அவள் முதுகில் விழுகிறது. முதுகு மெல்ல உயர்ந்து தாழ்கிறது. இடுப்பு முன்னும் பின்னும் ஆட, வளைகாப்பு வளையல்கள் கூடவே கிலுகிலுக்கின்றன. “நல்லா வேலை வாங்குறீங்க சம்பந்தி! இப்பவே எம்பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்கிறாள் சாரதாம்பாள். “நானா செய்யச் சொன்னேன்? வேணாம்னு தலைதலையா அடிச்சிக்கிட்டாலும், பளபளன்னு இருக்கிற தரையையே தேய்ச்சிக்கிட்டுக் கெடக்குறா” என்று சிவகாமுவின் மாமியார் அழாத குறையாகச் சொல்கிறாள். சாரதாம்பாள் விருட்டென்று உள்ளே வந்து துணியைப் பிடுங்குகிறாள். அதில் பொட்டு ஈரமில்லை. மகள் எழவுமில்லை. வளைகாப்பன்று மணையிலிருந்து எழவே பல்லைக் கடித்துக்கொண்டு கண் கலங்கிய முகம், இப்போது இறுக்கம் விட்டுத் தெளிந்திருக்கிறது.

“இப்படி ஆடினாத்தாம்மா இடுப்பு நோவு விடுது. சும்மா தவழ்ந்தா சிரிப்பாங்கன்னு துணியைக் கையில வெச்சிக்கிட்டேன்.”