வால் கனம்

“வாலு தொங்குதுன்னு சொல்றேன்…”

“நேத்துதானே மூக்குல ஈயம் வச்சீங்க…”

“அதான் எனக்கும் புரியல, சலோமி!”

சார்ல் தானே செய்த குட்டி ரிமோட் விமானத்தின் இறக்கைகளை இரு விரல்நுனிகளில் தாங்கிப் பிடித்தார். மட்டமாக நிற்க வேண்டிய விமானம் வாலைத் தாழ்த்தியது. மூக்கில் இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்தார்.

“போன தடவை செஞ்சது மாதிரி இதுவும் கடல்ல விழுந்தா, ரிமோட்டையே தொடமாட்டேன்.”

“அப்படியெல்லாம் ஆகாதுங்க” என்றாள் மனைவி.

மறுநாள் காரைக்கால் கடற்கரைச் சாலையில் விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கனம் தாங்காமல் எழும்பவே இல்லை.

சார்ல் சந்தேகப்பட்டு வாலைத் திறந்தார். உள்ளே, வேளாங்கண்ணியில் மந்திரித்த மாதா சுரூபப் பதக்கங்கள் கொத்தாக ஒட்டியிருந்தன.

“சலோமி!”

“நீங்க ஈயம் வைக்கிறப்பல்லாம் பயந்துபோய் நானும் ஒண்ணு வச்சேன். கத்தாதீங்க, இப்ப விழுந்துச்சா?”