அவசரக்கார பிளக்

மாடிஃபை பண்ணுன ஒரு கார். அதுல பெட்ரோலுக்குப் பதிலா எத்தனால் ஊத்த ஆரம்பிச்சதுல இருந்து ஸ்பார்க் பிளக்குக்கு தலைகால் புரியல.

"இன்னிக்கு இன்னும் முன்னாடியே பத்த வெக்கிறேன், பாரு!"

"டேய், நான் மேல வந்து சேரவே இல்லடா!"ன்னு பிஸ்டன் கத்துச்சு.

"நீ ஸ்லோ மச்சி. எத்தனால் ஏதாவது கம்ப்ளெயின்ட் பண்ணுதா?"

எத்தனால் பாவம், எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு, வெடிக்காம நிதானமா எரிஞ்சுச்சு. காரும் பறந்துச்சு. "எல்லாம் என் டைமிங்!"னு பிளக் ஒரே அலப்பறை.

ஒருநாள் எத்தனால் கிடைக்கல, ஓனர் பெட்ரோல ஊத்திட்டாரு. பெட்ரோலுக்கு அவ்ளோ பொறுமை ஏது? பிளக் வழக்கம்போல முந்துச்சு. பிஸ்டன் மேல வர்றதுக்குள்ள பெட்ரோல் வெடிச்சுது, டமார்! பிஸ்டன் தலையில ஓட்டை.

மெக்கானிக் புது பிஸ்டன் மாட்டுனாரு. பிளக் மேலேர்ந்து பாசமா கூப்பிட்டுச்சு:

"வா தம்பி! பழைய ஆளால நம்ம வேகத்துக்கு ஈடு குடுக்க முடியல."