மூச்சு இருக்கு

வெங்காய மூட்டை முதுகில் இருக்கும்போதே போன் அடித்தது. இறக்கிப் போட்டுவிட்டுத்தான் அழகிரி எடுத்தான்.

மண்ணச்சநல்லூரிலிருந்து அவன் மனைவி வள்ளிக்கண்ணு. ரைஸ் மில் வேலை முடிந்து வந்த மாமா வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், ரொம்ப முடியலங்க, மூச்சு இருக்கு, உடனே வாங்க என்றாள்.

அழகிரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அப்பா செத்துவிட்டார்.

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் லோடுமேன்களுக்குச் சாவுச் செய்தி சொல்கிறவன் அவன்தான். எவன் வீட்டிலிருந்து தகவல் வந்தாலும் மேஸ்திரி அவனிடம்தான் சொல்லி அனுப்புவார். செத்துட்டாங்க என்று அவன் ஒருத்தனிடமும் சொன்னதில்லை. முடியலையாம், மூச்சு இருக்காம், உன்னைப் பாக்கணும்னு சொல்றாங்களாம், கிளம்பு. அவ்வளவுதான். கேட்டவன் நடுரோட்டில் விழாமல் வீடு போய்ச் சேர வேண்டும். சொல்கிறவனுக்கும் விஷயம் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும்.

உப்பிலியபுரத்தில் இருக்கும் தங்கை கலைமதியைக் கூப்பிட்டான். அப்பாவுக்கு முடியல, கிளம்பி வா என்றுதான் சொன்னான். அவள் ஓவென்று அலறினாள். மூச்சு இருக்கும்மா என்றான். அலறல் இன்னும் கூடியது.

நல்லதம்பி மொபெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். கூட மூட்டை தூக்குகிறவன். காவிரிப் பாலத்தில் வண்டியை விரட்டினான்.

"மெதுவாப் போ தம்பி. இனி என்ன அவசரம்?"

"ஒருவேளை இருந்தாலும் இருக்கலாம்லண்ணே."

"உங்கம்மாவுக்கும் மூச்சு இருக்குன்னுதான் அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன்."

நல்லதம்பி வேகத்தைக் குறைத்தான்.

பாலம் தாண்டியதும் மறுபடியும் வள்ளிக்கண்ணு. எங்க வர்றீங்க என்றாள். மாமா உங்க பேரையே சொல்லிக்கிட்டிருக்காரு, உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம், திருச்சிக்குக் கொண்டுபோனா வழியிலேயே தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு என்றாள். குரலில் அழுகை இல்லை. ஒண்டியாக நின்றுகொண்டு இத்தனை தைரியமாகப் பொய் சொல்கிறாளே என்று அவளை நினைத்துத்தான் அவனுக்குப் பாவமாக இருந்தது. பயப்படாத, வந்துக்கிட்டே இருக்கேன் என்றான்.

அப்பாவும் அவனும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பார்த்துக்கொள்வதுதான் அபூர்வம். அவன் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் நெல் அவிக்கப் போயிருப்பார். அவர் திரும்பும்போது இவன் மார்க்கெட்டில் இருப்பான். முந்தாநாள் வழியில் எதிர்ப்பட்டவர் சைக்கிளை நிறுத்தி, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்ப்பா என்றார். ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்ப்பா என்று இவன் சொன்னான்.

அது என்னவென்று இனி யாரிடம் கேட்பது?

ஸ்ரீரங்கத்தில் வண்டியைச் சாத்தார வீதிக்கு விடச் சொன்னான். துக்கத்துக்கு என்றதும் பூக்கடைக்காரர் சாமந்தி மாலை ஒன்றை எடுத்து நீட்டினார். போறவருக்கு மணக்கவா போகுது, இது போதும்ப்பா என்றார். அழகிரி வாங்கவில்லை. நெல் ஆவியில் வெந்து சம்பாதித்து அவனை வளர்த்த மனுஷன். ரோஜாவில் தடிமனாகக் கட்டச் சொன்னான். கட்டி முடிக்கும்வரை நின்றான். அங்கிருந்தே ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டான். சாவு வீட்டில் எப்போது என்ன கிடைக்குமோ என்று நல்லதம்பி டீயும் வடையும் வாங்கி வந்து கையில் திணித்தான். மறுக்காமல் தின்றான்.

மொபெட் கொள்ளிடத்தைக் கடக்கும்போது போன் மறுபடி அடித்தது. இரண்டு கையாலும் மாலையைப் பிடித்திருந்தான். எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வள்ளிக்கண்ணு நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்து ஓடி வந்தவள் மாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மாலையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சாகலன்னு வேற எப்படிங்க சொல்றது?"

அவனுக்கு விளங்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே போனான்.

கட்டில் பக்கத்தில் நர்ஸ் ஆக்சிஜன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்து, இப்பத்தான் என்றாள்.

அப்பாவின் மூக்கைச் சுற்றி மாஸ்க் அழுத்திய தடம் இருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

வள்ளிக்கண்ணு பின்னால் வந்து நின்றாள். எங்கிட்டயாவது சொல்லுங்க மாமா என்று எவ்வளவோ கேட்டாளாம். தலையை ஆட்டிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அழகிரி அப்பாவின் கையைப் பிடித்தான்.

சூடு ஆறவில்லை.